சுவரோரமாக ஓட்டுகிறவர்

"ஏனுங்க, இந்த டிக் டிக் சத்தம் இன்னும் போகலீங்ளா?" என்று வசந்தாமணி கேட்டாள். கேட்டுவிட்டுப் பட்டுச்சேலையின் கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள். சீட் தாழ்வு, ஏறும்போதே முனகிக்கொண்டுதான் ஏறினாள். பெரிதாக நினைத்துக் கேட்ட கேள்வியும் இல்லை, டீ குடிச்சாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த சிவப்பிரகாசம் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். எந்த டிக் டிக்? மணி ஏழேகால், மலுமிச்சம்பட்டி தாண்டியாயிற்று, பொள்ளாச்சி ரோட்டில் கூட்டம் இல்லை, கார் எழுபதில் போகிறது, எஞ்சின் ஊசி இரண்டாயிரத்து அறுநூறில் ஆடாமல் நிற்கிறது, அவர் காதில் விழுவதெல்லாம் ஆறு சிலிண்டரும் சேர்ந்து பாடுகிற அந்தக் கனமான ஹ்ம்ம் மட்டும்தான், அதுவும் சுத்தமாக, வழுவழுப்பாக, இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஜெர்மன் வண்டி என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்கு. டிக் டிக் போய் ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதம். அதைத் துரத்தியது இவர்தான், இவருடைய கைதான், இவர் தேர்ந்தெடுத்த ஆயில்தான். மெக்கானிக் ரஃபீக்கே கைவிட்ட சத்தம் அது. இவளுக்கு என்ன தெரியும், கார் என்றாலே டிக் டிக் என்று சத்தம் போடும் என்று நினைத்திருப்பாள், பழைய ஞாபகத்தில் கேட்கிறாள், அவ்வளவுதான். ஆனால் கை தானாகப் போய் ஏசியை அணைத்தது. காற்றுச் சத்தம் நின்றது. ஹ்ம்ம் மட்டும் இருந்தது. "இப்பக் கேக்குதா?" என்றார் முடிந்தவரை சாதாரணமாக. "கேக்குதே. கடியாரமாட்ட. டிக் டிக் டிக்குன்னு," என்றாள் அவள், விரலால் தொடையில் தாளம் போட்டுக்கூடக் காட்டினாள், அந்தத் தாளம் எஞ்சினோடு சேர்ந்தே போயிற்று, ஆக்சிலரேட்டரிலிருந்து அவர் காலை எடுத்தால் விரலும் மெதுவாயிற்று, அழுத்தினால் விரலும் வேகமாயிற்று.

அது ஞாபகம் இல்லை. கேட்கிறவளின் விரல்.

ஒத்தக்கால்மண்டபத்துக்கு முன்னால் ஒரு மூடிப்போன மில்லின் மதில் இடதுபக்கம் கால் கிலோமீட்டர் நீளத்துக்கு வரும். சிவப்பிரகாசம் ஞாயிறுதோறும் காலையில் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வருவது அந்த மதிலுக்காகத்தான். பக்கத்தில் சுவர் இருந்தால் எஞ்சின் சத்தம் அதில் மோதி ஜன்னல் வழியாகத் திரும்பி வரும், வண்டிக்குள்ளே உட்கார்ந்துகொண்டே வண்டியை வெளியிலிருந்து கேட்கலாம். வயசான வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்குத்தான் இந்த வித்தை தெரியும், மற்றவர்கள் பார்த்தால் குடித்துவிட்டு ஓரமாக ஓட்டுகிறான் என்றுதான் நினைப்பார்கள். இடதுபக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கினார். "ஐயோ, தலை கலையுதுங்க, பூவு போயிரும்," என்று வசந்தாமணி கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கியர். இரண்டாயிரத்து அறுநூறு. மதில் வந்தது. ஒரு முழம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டே ஓட்டினார், மூச்சை அடக்கிக்கொண்டு, முப்பத்தொரு வருஷம் அடக்கிய அதே மூச்சு. பம்ப் மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் ஷெட்டில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார்களுக்கு நடுவில் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங்கில் வைத்து இன்னொரு முனையைக் காதில் வைத்து, இது சரி, இது சரியில்லை, இதைத் திருப்பி அனுப்பு என்று சொன்னவர். கம்பெனியில் இரண்டு சிவப்பிரகாசம் இருந்தார்கள், இவரைக் காது சிவப்பிரகாசம் என்றுதான் சொல்வார்கள், ரிட்டையர் ஆன அன்று மாலை போட்டவர்களும் மைக்கில் அப்படித்தான் சொன்னார்கள், கை தட்டினார்கள். காதில் பஞ்சு வையுங்க என்று புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் சொன்னபோது பஞ்சு வைத்தால் கேட்பது எப்படி தம்பி என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பு இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. மதிலிலிருந்து ஹ்ம்ம் திரும்பி வந்தது. டயர் சத்தம் ஷ் என்று வந்தது, அதுகூட ஷ் இல்லை, ஊ மாதிரி ஏதோ. வேறு எதுவும் வரவில்லை. "இப்ப நல்லாவே கேக்குதுங்க," என்றாள் வசந்தாமணி பூவைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, "செவுத்துக்குள்ள யாரோ ஒக்காந்து தட்டறாப்புல." மதில் முடிந்தது. சோளக்காடு வந்தது. அவர் கண்ணாடியை ஏற்ற மறந்துபோனார்.

இல்லை, இப்படி இருக்கலாம். இன்றைக்குத்தான் புதிதாக வந்திருக்கலாம். காலையில் சின்னக் காரின் பேட்டரி படுத்துவிட்டது, கல்யாணத்துக்கு நேரமாயிற்று, இவளும் வேறு வழியில்லாமல் இதில் ஏறினாள், இல்லையென்றால் முட்டி வலி என்று இந்தப் பக்கமே வரமாட்டாள், அவசரத்தில் எஞ்சின் சூடாகாமலே கிளப்பினோம், அதனால் வந்த சத்தம். அப்படியானால் இவருக்குக் கேட்க வேண்டுமே. புதிதோ பழசோ, காது சிவப்பிரகாசத்துக்குக் கேட்க வேண்டுமே. நினைப்பு அந்த இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது, மறுபடி பின்னால் வந்தது, மறுபடி போய் அதே இடத்தில் முட்டியது. போன ஐப்பசி. சத்தத்தோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியாகக் கொஞ்சம் கெட்டியான ஆயிலை வாங்கி ஊற்றினார், ஆயில் ஃபில்டரைப் பிளேடால் கிழித்து அந்தக் காகிதத்தை முற்றத்தில் சேலை காயப்போடுகிற மாதிரி விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார், தங்கத்தூள் மாதிரி மினுக்கம் இருந்தால் பேரிங் போச்சு என்று அர்த்தம், இல்லை, காகிதம் சுத்தம். ஆனாலும் டிக் டிக் இருந்தது. அன்று சாயந்தரமே காய்ச்சல் பிடித்தது. பத்து நாள். நூற்று மூன்று, நூற்று நாலு, முட்டியெல்லாம் வீங்கி, காதெல்லாம் அடைத்துக்கொண்டு, மாத்திரை மேல் மாத்திரை. பதினோராம் நாள் எழுந்து லுங்கியோடு போய் வண்டியைக் கிளப்பினார். டிக் டிக் இல்லை. பானெட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் நின்றார். இல்லை. பத்து நாள் ஊறியிருக்கிறது, நல்ல ஆயில் ஊற ஊறத்தான் வேலை செய்யும் என்று அந்த இடத்திலேயே ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார் மனுஷன். ரஃபீக்குக்கு போன் போட்டுச் சொன்னார். அவன், "சார், ஒருக்கா வண்டியக் கொண்டாங்க, நானும் காதுல கேட்டுக்கறேன்," என்றான். யார் காதை யார் சோதிக்கிறது என்று கோபித்துக்கொண்டு அன்றிலிருந்து அவன் ஒர்க்‌ஷாப் பக்கமே போகவில்லை. ஆயில் ஊறியது என்றல்லவா நினைத்தார். ஊறியது எது? பத்து நாள் காய்ச்சலில் எது என்ன ஆயிற்று?

குயில். இந்த வருஷம் குயிலே கூவவில்லை, ஊரெல்லாம் மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று சித்திரையில் எதிர்வீட்டுக்காரரிடம் அங்கலாய்த்தார். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், இப்போதல்லவா புரிகிறது அந்தப் பார்வை. குக்கர். விசிலே இல்லாத குக்கர் வாங்கியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது இரண்டு தடவை. போன். "ஏனுங்க போன எடுக்கறதே இல்லை" என்று எல்லோரும் சொன்னபோது புது போனில் மணி சின்னதாக இருக்கிறது என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனார். பொம்பளைகள் பேசுவதுதான் முதலில் போயிருக்கிறது, இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆண்கள் பேசினால் பரவாயில்லை, நேரே முகத்தைப் பார்த்துப் பேசினால் பரவாயில்லை, திரும்பிக்கொண்டு பேசினால் வார்த்தைக்குத் தலையும் வாலும் இருக்காது, நடுவில் கொஞ்சம் உம் உம் என்று கேட்கும், மிச்சத்தை இவரே போட்டுக்கொள்வார். எல்லாரும் இப்போதெல்லாம் முணுமுணுப்பாகப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தார், ஊரே சேர்ந்து குரலைத் தணித்துக்கொண்டது என்று. அதற்கெல்லாம் சேர்த்து இவர் ஒரு பதில் வைத்திருந்தார். "அதானே." என்ன சொன்னாலும் அதானே. வரி ஏறிவிட்டது என்றாலும் அதானே, சம்பந்தி வீட்டில் விசேஷம் என்றாலும் அதானே. எங்கேயும் பொருந்துகிற நட்டு போல அது எதிலும் பொருந்தியது. எத்தனை அதானே. எத்தனை பேருக்கு. எதற்கெல்லாம். வியர்வை காதோரம் இறங்கியது. காதோரம் இறங்குகிற வியர்வை நன்றாகத் தெரிகிறது, தோல் வேலை செய்கிறது, காது மட்டும் வெறும் சதையாகத் தொங்குகிறதா? ஐம்பத்தொன்பது வயதில்? தலைக்குள் ரொம்ப நாளாக ஒரு ங் என்ற ரீங்காரம் இருக்கிறதே, அதை அமைதி என்றல்லவா இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடலாமா. வசந்தாமணி, எனக்குக் காது கேட்கவில்லை. வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், கல்யாணப் பெண்ணைப் பற்றியாக இருக்கும், அவளுடைய சித்தப்பா பேத்தி, சீர்த்தட்டு பற்றியாக இருக்கும், உம் உம் என்று வந்தது. "அதானே," என்றார். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று பயந்தார். அதற்குள் இன்னொரு பயம் முந்திக்கொண்டது, நியாயமாகப் பார்த்தால் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும், அது இரண்டாவதாக வந்ததே தன் மேல் தனக்கு ஒரு அதிர்ச்சி. டிக் டிக் ஏழு மாதமாக இருக்கிறது என்றால் அது எந்த டிக் டிக்? மேலே வால்வைத் தட்டுகிற டேப்பட்டில் இருந்தால் அது வயசான எஞ்சினின் முணுமுணுப்பு, பாதகமில்லை, இன்னும் ஒரு லட்சம் ஓடும். கீழே பேரிங்கில் இருந்தால் அது முடிவு, இந்த நிமிஷமோ அடுத்த நிமிஷமோ பிஸ்டனைத் தள்ளுகிற ராடு முறிந்து எஞ்சினின் வயிற்றைப் பொத்துக்கொண்டு வெளியே வரும், எழுபதில், இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஆயில் ரோட்டில் கொட்டி டயர் வழுக்கி. மேலா கீழா என்று காது சிவப்பிரகாசம் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். இன்றைக்கு ஆறு வருஷம் தன் கையால் பார்த்துப் பார்த்து வளர்த்த எஞ்சினின் மேலும் கீழும் அவருக்குத் தெரியவில்லை. இண்டிகேட்டர் போட்டு ஒரு வேப்பமரத்தடியில் ஓரம் கட்டினார். இண்டிகேட்டர் ஒரு காலத்தில் சத்தம் போடும். விளக்கு மட்டும் மினுக்கியது.

"என்னங்க ஆச்சு? முகூர்த்தம் ஒம்பதுக்குங்க."

"ஒண்ணுமில்ல மணி. ஒரு அஞ்சு நிமிசம். நீயுங் கீழ எறங்கு. ஒரு வேல இருக்குது."

"நானா? நான் எறங்கி என்ன பண்றது, தள்றதுக்கா?"

டிக்கியைத் திறந்து டூல்கிட்டிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கம்பெனியில் இருந்த கம்பிக்குப் பதில் இப்போது இதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டைத் தூக்கினார், சூடு முகத்தில் அடித்தது. முதலில் தானே வைத்துப் பார்த்தார், நுனியை வால்வு மூடியில், பிடியைக் காதெலும்பில். பிடி அதிர்ந்தது. அதிர்வு கன்னத்தில் வந்தது, பல்லில் வந்தது, கடைவாயில்கூட வந்தது. ஹ்ம்ம். இடதுகாது. ஹ்ம்ம். தண்ணிக்கடியில் இருந்துகொண்டு பேருந்து நிலையத்தைக் கேட்கிற மாதிரி. கையை எடுத்து, அவள் பார்க்காதபடி வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இங்க வா. இத இப்படிப் புடிச்சு இந்த வெள்ளைக் கட்டைய காதுல வெச்சுக்கோ. நான் நுனிய அங்கங்க வெப்பேன். எங்க சத்தம் எச்சா கேக்குதுன்னு சொல்லோணும்." வசந்தாமணி அவரையும் ஸ்க்ரூடிரைவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்காததா எனக்குக் கேக்கப் போகுது?" என்றாள். அவர் சிரித்தார். வாய் சிரித்தது என்று சொல்ல வேண்டும். "ரெண்டு காது கேட்டா நல்லதுதான். சர்வீஸ்ல எல்லாம் ரெண்டு பேரு கேப்பாங்க," என்று ஒரு புளுகு புளுகினார். அவள் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், தோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள், அரக்குப் பட்டும் மல்லிகைப் பூவுமாக பம்பரில் வயிற்றை வைத்துக் குனிந்து ஸ்க்ரூடிரைவரின் பிடியில் காதை வைத்தாள். ரோட்டில் போன மினி பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஐயோ!" என்று துள்ளினாள். "காதுக்குள்ளயே வந்து தட்டுதுங்க!"

"இங்கயா?" "ஆமாங்க." "இங்க?" "இங்க எச்சு. இட்லிக் குண்டான்ல தண்ணி கொதிச்சா அடித்தட்டு ஆடுமே, அதாட்டம்." அவர் மண்டியிட்டார், வெள்ளை வேட்டி மண்ணில் பட்டது, நுனியைக் கீழே ஆயில் சட்டியின் விளிம்பில் வைத்தார்.  "இங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை, பார்த்திருக்கலாம், அவர் பார்க்கவில்லை. "இங்க இல்லீங்க. இங்க உர்ர்னு இருக்குது, அவ்வளவுதான். தட்டறது மேலதான்." "நல்லாக் கேளு மணி. துளிகூட இல்லியா?" "இல்லீங்கறேனே. சாமி சத்தியமா இல்ல." மேலே. டேப்பட். வண்டி பிழைத்தது. அவருக்கு நெஞ்சு வலிக்கிற அளவுக்கு நிம்மதி வந்தது. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது, ஏனென்றால் வண்டி பிழைத்தது என்பதை இன்னொருத்தர் சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது. இனி எப்போதும் இன்னொருத்தர்தான் சொல்ல வேண்டும். வண்டியில் கோளாறு இல்லை. கோளாறு வண்டிக்கு வெளியே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அவர் எழுந்து எஞ்சினை நிறுத்தினார். வசந்தாமணி கன்னத்தில் ஒரு கருப்புத் தீற்றல், துடைத்துக்கொண்டே அவருக்கு நேர் எதிரே நின்று பேசினாள், முகத்துக்கு முகம், அதனால் ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் பானெட்டத் தெறந்து வெச்சுட்டு நின்னீங்க," என்றாள். "என்னைக்கு?" "காய்ச்சல் விட்டு எந்திரிச்சீங்களே, அன்னைக்கு. நான் மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சுருந்து வந்து சொன்னேன். மாருல கட்டியாட்ட இருக்குதுங்க, டாக்டரம்மா ஊசி போட்டு எடுத்துப் பாக்கோணும்ங்கறாங்கன்னு. நீங்க குனிஞ்ச தல நிமிரல. எல்லாஞ் சரியாப் போச்சு, இனி ஒண்ணும் ஆகாது, இன்னும் இருவது வருசத்துக்குக் கவலையே இல்லன்னீங்க. பொறவு திரும்பிப் பாத்து என் தலைல கை வெச்சீங்க." அவள் சிரித்தாள், கண் லேசாகப் பளபளத்தது. "உங்களுக்குப் பதட்டமே வராது, கல்லாட்டம்னு ஒரு காலத்துல திட்டுவேன். அன்னைக்கு அந்தக் கல்லுதாங்க எனக்கு வேண்டியிருந்துச்சு. அந்த ஒத்த வார்த்தைலதான் நான் தனியாவே போய்ட்டு வந்தேன். ரிசல்ட்டு ஒண்ணுமில்லைன்னு வந்தப்பக்கூட ஓடி வந்து சொன்னேன், அதானேன்னுட்டு சோத்தப் பெசஞ்சீங்க. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்த மனுசனுக்கு மொதல்லயே தெரிஞ்சுருக்குதுன்னு."

மாரில் கட்டி. ஊசி. ரிசல்ட். சிவப்பிரகாசம் பம்பரைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊசி, எந்த ஆஸ்பத்திரி, எப்போது, கார்த்திகையில் மருதமலைக்குப் போய்வருகிறேன் என்று போனாளே அன்றைக்கா, அவள் மருதமலை என்றாளா, அதையும் இவரே போட்டுக்கொண்டாரா? இவளுக்குக் கட்டி இருந்தது. இவள் செத்துப்போயிருக்கலாம். அவள் மூன்று நாள் சேர்த்துவைத்துச் சொன்னபோது அவர் நாலு அடி தள்ளி நின்று டிக் டிக் போன சந்தோஷத்தில் எஞ்சினோடு பேசிக்கொண்டிருந்தார், ஆமாம், பேசினார், வழக்கமாகப் பேசுவதுதான், ஆள் இல்லாதபோது அதனோடு பேசுவார், எல்லாம் சரியாப் போச்சுடா ராஜா என்றார். டா ராஜாவையும் சேர்த்துத்தான் சொன்னார். அது அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, கடவுள் புண்ணியத்தில் அவளுக்கு அது மட்டும் கேட்கவில்லை. திரும்பினால் கண் நிறைய நீரோடு நின்றாள். அடடா, இவளுக்கும் வண்டி மேல் இவ்வளவு பாசமா என்று மனம் நெகிழ்ந்துபோய்த் தலையில் கை வைத்தார். ஏழு மாதமாக அந்த ஞாபகத்தைச் சந்தோஷமாக வைத்திருந்தார், ரஃபீக்கிடம் சொல்ல முடியவில்லையே என்றுகூட வருந்தினார். அவளும் அதே ஞாபகத்தைத்தான் வைத்திருந்திருக்கிறாள், வேறொரு அர்த்தத்தில், அதை வைத்துக்கொண்டு சாவைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறாள். இப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, ஒன்றும் செய்ய வேண்டாம், அது நன்றாக இருக்கிறது, அவளிடம் அது நன்றாக ஓடுகிறது, ஓடுகிற எஞ்சினை எவனாவது பிரிப்பானா? கல் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். அதானே என்று ஒரே ஒரு சொல் போதும், பானெட்டை மூடலாம், ஒன்பதுக்கு முகூர்த்தம். உதடு அந்தச் சொல்லுக்காகப் பிரிந்தது, அ வெளியேகூட வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. இன்றைக்கு அதைச் சொன்னால் நாளைக்கு இவள் எதைச் சொன்னாலும் அதையே சொல்ல வேண்டும், இவள் எதைச் சொன்னாள் என்று தெரியாமலே சொல்ல வேண்டும், இன்னொரு கட்டி வந்தால்? அவர் தோட்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார், அதன் கம்பி குத்தியது.

"மணி. எனக்குக் கேக்கல."

"எதுங்க? சத்தமா? அதான் மேல இருக்குதுன்னனே."

"சத்தமும் கேக்கல. நீ அன்னைக்குச் சொன்னதும் கேக்கல. காய்ச்சலுக்குப் பொறவு எனக்குக் காது சரியில்ல. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். கட்டி, ஊசி, ரிசல்ட்டு, எதுவுமே எனக்கு… இப்பத்தான் மொதல்முறையாக் கேக்கறேன்."

வசந்தாமணி சிரித்த முகம் அப்படியே இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு அதை மாற்ற அவளுக்குத் தெரியவில்லை. "அப்ப, எல்லாஞ் சரியாப் போச்சுன்னீங்களே," என்றாள். "அது யாருக்குச் சொன்னீங்க?"

 அவர் பார்வை, அவர் போகச் சொல்லாமலே, திறந்திருந்த பானெட்டுக்குக் கீழே போய் நின்றது. அவள் அந்தப் பார்வையோடு கூடவே போய் எஞ்சினைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார், வந்தால் நன்றாக இருக்கும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அவள் திட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பம்பரின் மேல் உருளாமல் பார்த்து வைத்தாள், இடுப்பிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள், ரோட்டோரமாக நாலு எட்டு நடந்து போய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காய் லாரி ஒன்று போயிற்று. அவளுடைய கொண்டை லேசாக ஆடியது, கழுத்து நரம்பு அசைந்தது, அவள் பேசுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. உம் உம் என்று வந்தது. எத்தனையோ தடவை இந்த மாதிரி முதுகுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். இந்த முறை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அவளைச் சுற்றி முன்னால் வந்து நின்றார், தாரில் நின்றார், பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்துவிட்டு விலகிப் போயிற்று, அடித்தது அவருக்குத் தெரியாது. அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"கேக்கல மணி. என்ன சொன்ன? மறுக்காச் சொல்லு. என்னப் பாத்துச் சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் நகரவில்லை. அவள் ஒரு தரம் மூச்சை இழுத்தாள், பிறகு கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலையோடு, கருப்புத் தீற்றின கன்னத்தோடு, பொள்ளாச்சி ரோட்டில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஊசி போடறப்ப வாசலையே பாத்துட்டுப் படுத்திருந்தேன்னு சொன்னேன்! நீங்க வந்துருவீங்க, வந்துருவீங்கன்னு!"

எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பிரகாசத்துக்கு அது ஒரு எழுத்து விடாமல் கேட்டது.